துணை நிற்கும் உறவுகளை வளர்ப்பது எப்படி: கொங்கு நாட்டில் வேலைக்கும் தொழிலுக்கும் வருவோருக்கு

திருப்பூரில் ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் எத்தனை பேர் கைகளைக் கடந்து வருகிறது என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நூல் ஓரிடத்திலிருந்து வருகிறது. நிட்டிங் வேறொருவருடைய கொட்டகையில் நடக்கிறது. சாயம், துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், பிரிண்டிங் ஒவ்வொன்றுக்கும் துணி தனித்தனி முதலாளிகளிடம் போய்த் திரும்புகிறது. வெட்டிய துணியைத் தைக்கப் பவர் டேபிள்காரர் இருக்கிறார். செக்கிங்கும் அயர்னிங்கும் முடிந்த பிறகுதான் பேக்கிங். இவர்களில் ஒருவர் இரண்டு நாள் தாமதித்தாலும் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போக நேரும். அந்த ஆர்டரில் வரவேண்டிய லாபம் அந்தச் செலவிலேயே கரைந்துவிடும். கோவையின் பம்புசெட், கிரைண்டர், ஃபவுண்டரி தொழில்களிலும், பல்லடம், சோமனூர் விசைத்தறிகளிலும், கரூர் ஜவுளியிலும், நாமக்கல் லாரித் தொழிலிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். யாருடைய துணையும் இல்லாமல் முன்னுக்கு வந்தவர் என்று இந்த வட்டாரத்தில் ஒருவரைக் காட்டுவது கடினம்.

அப்படியிருந்தும், வேலைக்கு வரும் இளையோருக்கு இயந்திரத்தைக் கற்றுக்கொடுக்கிறோம், கணக்கைக் கற்றுக்கொடுக்கிறோம். மனிதர்களோடு பழகி உறவை வளர்ப்பது மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அது எல்லோருக்கும் தானாக வருவதில்லை. ஆனால் பழகினால் வரும். எந்தத் தேவையும் இல்லாத சாதாரண நாட்களில் சின்னச் சின்ன வாக்குகளைத் தவறாமல் காப்பாற்றுவதால்தான் துணை நிற்கும் உறவு உண்டாகிறது என்பதும், பிறப்பால் கிடைத்த சொந்தங்களுக்கு வெளியேயும் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் என் உறுதியான நம்பிக்கை. கீழே சொல்லும் வழிமுறைகள் அனைத்தும் அந்த இரண்டிலிருந்தே வருகின்றன.

இருப்பவர்களை முதலில் எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் சில கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே பெயர்களை எழுதுங்கள். நடுராத்திரியில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் யாரை எழுப்புவேன்? என் வேலையில் இருக்கும் குறையை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் யார்? இந்த வேலை போய்விட்டால், வேறு வேலை இருக்கும் இடத்தை யார் சொல்வார்? என் தொழிலில் என்னைவிடப் பத்து வருடம் முன்னால் இருப்பவர்களில் யாரிடம் நான் தயங்காமல் பேச முடியும்? மனம் சோர்ந்திருக்கும்போது அறிவுரை எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து கேட்பவர் யார்?

இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த பலருக்கு முதல் கேள்விக்கு நேரே பெயர்கள் வரிசையாக வந்துவிடும். பங்காளிகள், மாமன் மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று ஓடி வர ஆள் உண்டு; அது பெரிய பாக்கியம், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு நேரே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் இன்னொரு கேள்வியையும் எழுதுங்கள்: வேறு யாராவது இதே போல ஒரு தாள் எழுதினால், எந்தக் கேள்விக்கு நேரே என் பெயர் வரும்? இதற்கு நேர்மையாகப் பதில் எழுதினால், எங்கிருந்து தொடங்குவது என்பது தெரிந்துவிடும்.

வெற்றிடமாக இருக்கும் அந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகில் உள்ள நியூட்டன் என்ற ஊரில், புது வேலைக்கு மாறியவர்களிடம் விசாரித்து ஆராய்ந்தார். 1973-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வும், மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு மட்டுமே பழக்கமானவர்கள் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் நடக்கிறது என்று கண்டது. காரணம் எளிது. நம்மோடு நெருங்கி இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்த செய்திகள்தான் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வேறு வட்டத்தில் புழங்குபவரிடம்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைத் திறந்து சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் ‘நம்மாளுங்க’ என்ற வட்டத்துக்குள்ளேயே வேலையும் கடனும் வாடகை வீடும் கைமாறுவது நெடுங்கால வழக்கம். அந்த வழக்கம் பல குடும்பங்களைத் தூக்கிவிட்டது உண்மைதான். ஆனால் அந்த வட்டத்தில் பிறக்காதவர்களுக்கு அது கதவை அடைத்தது; வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கும் பார்வையைச் சுருக்கியது. ஒருவர் அறிமுகமானதும் ‘எந்த ஊருங்க, யாரு பையன்?’ என்று ஆரம்பித்துச் சாதியைத் தெரிந்துகொள்ள முனையும் பேச்சை விட்டுவிடுங்கள். ‘என்ன வேலை செய்யறீங்க, அதுல எதுங்க சிரமம்?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் எவ்வளவு நேரம் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

சொன்ன சொல்

நம்பிக்கை வளர்வதும் உடைவதும் சிறிய வாக்குகளில்தான். பவர் டேபிள் யூனிட் நடத்தும் ஓர் இளைஞர், தனக்கு வேலை கொடுக்கும் பார்ட்டியிடம் போனில் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை தருவதாக ஒப்புக்கொண்ட வேலை அது. அவர் பேசியது வியாழக்கிழமை மதியம். ‘நாளைக்குச் சாயங்காலம்னு சொல்லியிருந்தேனுங்கண்ணா. ரெண்டு டெய்லர் நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டாங்க. 1,800 பீசுல 1,200 நாளைக்கு ஆறு மணிக்குள்ள வந்துருமுங்க. மீதி 600 சனிக்கிழமை மத்தியானம்தான் முடியும். இல்ல, மொத்தமும் நாளைக்கே வேணும்னா அந்த 600 பீஸ் கட்டிங்கை இப்பவே வண்டியில ஏத்தி விட்டர்றனுங்க, நீங்க வேற யூனிட்ல போட்டுக்கலாம்’ என்றார். எதிர்முனையில் கொஞ்சம் கோபம் இருந்தது. ஆனாலும் பேச்சு முடியும்போது, சனிக்கிழமையே அனுப்பினால் போதும் என்று பதில் வந்தது.

அந்தப் பேச்சில் பழகிக்கொள்ள வேண்டியவை பல இருக்கின்றன. கெடு தவறிய பிறகு அல்ல, தவறப்போகிறது என்று தெரிந்த உடனே அவரே கூப்பிட்டார். ‘கொஞ்சம் லேட்டாகும்’ என்று மழுப்பாமல் எண்ணிக்கையையும் நேரத்தையும் சொன்னார். டெய்லர்கள் மேல் பழி போட்டுப் புலம்பவில்லை. தனக்கு வரவேண்டிய கூலியில் ஒரு பங்கு போனாலும் பரவாயில்லை என்று, எதிராளி தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழியையும் வைத்தார். போனை அணைத்து வைத்திருந்தாலோ, ‘கிளம்பிருச்சுங்க, வந்துட்டே இருக்குங்க’ என்று சொல்லியிருந்தாலோ அந்த ஆர்டரோடு உறவும் முடிந்திருக்கும். கெட்ட செய்தியை முன்கூட்டியே சொல்பவரை மனிதர்கள் திரும்பவும் தேடி வருகிறார்கள். ஏனென்றால் அவர் ஒன்றும் சொல்லாதபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி நிம்மதியாக இருக்க முடிகிறது.

வாக்கைக் காப்பாற்றுவதற்கு முதல் வழி, குறைவாக வாக்குக் கொடுப்பது. மரியாதை மிகுந்த நம் பேச்சு வழக்கில் ‘முடியாது’ என்று சொல்வது பலருக்கும் வாயில் வராது. ‘பார்க்கலாமுங்க’, ‘சொல்றனுங்க’ என்று முடித்துவிடுவோம். கேட்டவரோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பார். ‘இந்த மாசம் என்னால ஆகாதுங்க, பத்தாம் தேதிக்கு மேல கேளுங்க, அப்ப செஞ்சு தர்றேன்’ என்று தன்மையாகவும் தெளிவாகவும் சொல்லப் பழகுங்கள். ஒப்புக்கொண்டதை நாளும் நேரமும் போட்டு உடனே எழுதி வையுங்கள். ஒருவருக்குப் போன் எண் அனுப்புவதாகச் சொன்னால்கூட அன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். இவ்வளவு சிறிய விஷயத்தைக் காப்பாற்றுபவரிடம்தான் பெரிய விஷயத்தை நம்பி ஒப்படைப்பார்கள்.

அனுபவசாலிகளை அணுகும் விதம்

வழிகாட்டி ஒருவர் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பெரியவரிடம் போய் ‘எனக்கு வழிகாட்டியா இருங்க’ என்று கேட்டால் அவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ‘உங்க அனுபவத்துல ஏதாவது சொல்லுங்க’ என்ற கேள்வியும் அப்படித்தான். அதற்குப் பொதுவான அறிவுரைதான் பதிலாகக் கிடைக்கும். நீங்கள் ஏற்கெனவே முயன்று பார்த்து, அதற்கு மேல் போக முடியாமல் நிற்கும் ஒரு சிறிய கேள்வியோடு போங்கள்.

கோவை கணபதியில் கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் ஒருவர், மூத்த ஒருவருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம்: ‘வணக்கம் ஐயா. வார்ப்பு பாகம் ஒன்றில் போரிங் செய்கிறேன். காலையில் அளவு சரியாக வருகிறது. மதியத்துக்கு மேல் மாறிவிடுகிறது. இன்சர்ட் மாற்றிப் பார்த்தேன், கூலன்ட்டும் சரிபார்த்தேன். பத்து நிமிடம் போனில் கேட்டுக்கொள்ளலாமா? உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொன்னால் அப்போது கூப்பிடுகிறேன்.’ இதைப் படிப்பவருக்குக் கேட்பவர் யார், என்ன சிக்கல், இதுவரை என்ன செய்தார், எவ்வளவு நேரம் வேண்டும் என்பது நான்கு வரியில் தெரிந்துவிடுகிறது. இயந்திரம் சூடேறும்போது அளவு மாறும் என்பதை அனுபவத்தில் கண்ட ஒருவர், இப்படிக் கேட்கும் இளைஞருக்கு மகிழ்ச்சியோடு பத்து நிமிடம் ஒதுக்குவார்.

பெரும்பாலோர் தவறவிடுவது இதற்கு அடுத்த படியை. அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். ஒரு வாரத்துக்குள் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரிவியுங்கள். பலித்தாலும் சொல்லுங்கள், பலிக்காவிட்டாலும் சொல்லுங்கள். தன் சொல்லை ஒருவர் மதித்துச் செய்து பார்த்தார் என்ற நிறைவைவிட ஒரு பெரியவருக்கு நாம் தரக்கூடிய கைம்மாறு வேறில்லை. நாலைந்து முறை இப்படி நடந்துவிட்டால், வழிகாட்டி என்ற பேச்சே எழாமல் அவர் உங்களுக்கு வழிகாட்டியாகியிருப்பார். உங்களிடம் அவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்றும் நினைக்க வேண்டாம். முப்பது வருடமாக ஃபவுண்டரி நடத்துபவர், சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் இ-வே பில் போடத் தடுமாறலாம். தன் பொருட்களை ஒளிப்படம் எடுத்து இணையத்தில் ஏற்றத் தெரியாமல் இருக்கலாம். அவர் கேட்கும் வரை காத்திருக்காமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

ஒருவர் உங்களை இன்னொருவருக்கு அறிமுகம் செய்தால், அவருடைய பெயர் உங்களிடம் அடகு இருக்கிறது என்று நினைவில் வையுங்கள். சந்திப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். முடிந்ததும் அறிமுகம் செய்தவருக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். அந்த வேலை உங்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதை நீங்களே சொல்லுங்கள், மூன்றாம் மனிதர் வழியாக அவருக்குத் தெரியக் கூடாது.

சங்கங்களும் போட்டியாளர்களும்

இந்த வட்டாரத்தில் தொழில் அமைப்புகளுக்குக் குறைவில்லை. ஜவுளி ஆலைகளுக்கான சைமா 1933-லும், ஜவுளி ஆராய்ச்சிக்கான சிட்ரா 1956-லும், சிறுதொழில் முனைவோருக்கான கொடிசியா 1969-லும், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990-லும் உருவானவை. சந்தா கட்டி உறுப்பினரானதால் மட்டும் ஒருவரையும் தெரிந்துகொள்ள முடியாது. கண்காட்சியோ கருத்தரங்கோ நடக்கும்போது பதிவு மேசையில் உட்காரவும், பேச்சாளரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவரவும் ஆள் தேவைப்படும்; அந்த வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். மேடையில் பேசுபவரைவிட அதிகம் பேருக்கு அறிமுகமாகிறவர் பதிவு மேசையில் இருப்பவர்தான்.

போட்டியாளரை எதிரியாக நினைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். 2011 ஜனவரியில், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்த கேட்டுக்கு அது வரவேண்டிய உத்தரவுதான். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத சுத்திகரிப்பைச் சிறிய பட்டறை தனியாகச் செய்ய முடியாது என்பதால், ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருந்தவர்கள் கூட்டாக நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தரம் உயர்த்தித்தான் பலரும் மீண்டும் தொழிலுக்கு வந்தார்கள். விலையில் போட்டி போடலாம். தண்ணீர், மின்சாரம், ஆள் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்து நிற்கலாம். பக்கத்து யூனிட்டில் ஊசி தீர்ந்துவிட்டது என்று கேட்டால் கொடுத்து விடுங்கள்.

வேலை செய்யும் இடத்தில்

உடன் வேலை செய்பவர்களைப் பற்றி அவர்கள் இல்லாத இடத்தில் நீங்கள் பேசுவதும், அவர்கள் செய்த வேலையை அவர்கள் பெயரைச் சொல்லியே மேலதிகாரியிடம் சொல்வதும் உங்கள் மேல் உள்ள மதிப்பைத் தீர்மானிக்கின்றன. திருப்பூரிலும் கோவையிலும் பெருந்துறையிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். அவர்களை ‘இந்திக்காரங்க’ என்று மொத்தமாகச் சொல்லாமல் பெயரைக் கேட்டு, சரியாக உச்சரித்துக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு இங்கே நெஞ்சுவலி வந்தால் எழுப்புவதற்கு மாமன் மச்சான் யாரும் இல்லை. ஆதார் முகவரி மாற்றத்துக்கோ, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவோ அரை நாள் துணைக்குப் போகும் மேஸ்திரியை அவர்கள் மறப்பதில்லை; தீபாவளி, ஹோலிக்கு ஊர் போனால் சொன்ன தேதியில் திரும்பி வருகிறார்கள்.

பெண்களுக்கு இருக்கும் கூடுதல் சுமை

திருமணம் ஆகி ஊர் மாறும் பெண்ணுக்கு, அதுவரை சேர்த்த நட்புகள் ஒரே நாளில் கை நழுவுகின்றன. கோபியில் படித்து, கரூரில் வாழ்க்கைப்பட்டவருக்குப் புது ஊரில் தெரிந்தவர்கள் எல்லாம் கணவரின் சொந்தங்கள்தான். வேலை தேடும்போதும், வீட்டில் மனக்கசப்பு வரும்போதும் அவர்கள் யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாது. பழைய தோழிகளோடு பேசுவதும், வருடம் ஒருமுறை சந்திப்பதும் அவருடைய பொழுதுபோக்கு அல்ல, தேவை. இதைக் கணவரும் மாமியாரும் உணர்ந்து, அதற்கு நேரம் கிடைக்கும்படி வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பிரசவ விடுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அந்தக் காலத்தில் அலுவலக வேலை செய்ய வேண்டாம். ஆனால் நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரோடு மாதம் ஒருமுறை பேசி, என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். திரும்பிப் போகும் முதல் வாரம் மிரட்சியாக இருக்காது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு நல்ல வழி. தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஒரு குழுவுக்கு 12 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். சேமிப்பும் கடனும் வெளியே தெரியும் பயன்கள். வாராவாரம் ஒரே இடத்தில் கூடுவதால், யாருடைய வீட்டில் என்ன சிரமம் என்று மற்றவர்களுக்குத் தெரிய வருவது அதைவிடப் பெரிய பயன் என்பேன்.

வீடும் சொந்தமும்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, ஒரே மனிதர்களை இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பது வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்றும், அதை முன்கூட்டிச் சொல்வதில் கொலஸ்ட்ரால் அளவைவிட இந்த நிறைவே நன்றாகப் பொருந்தியது என்றும் அது கண்டது. தொழிலில் ஏறுமுகமாக இருக்கும் வருடங்களில்தான் நாம் வீட்டை அதிகம் மறக்கிறோம். இரவு உணவு நேரத்தில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். தொழிலில் இருக்கும் கடனையும் சிக்கலையும் வாழ்க்கைத்துணையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடன்காரர் வாசலுக்கு வரும்போது தெரிய வருவதுதான் வீட்டில் இருப்பவர்களை அதிகம் உடைக்கிறது.

நம் வீடுகளில் பீரோவுக்குள் மொய் நோட்டு ஒன்று இருக்கும். யார் வீட்டு விசேஷத்துக்குப் போவதற்கு முன்னாலும் அதை எடுத்து, அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். உறவை ரூபாய்க் கணக்கில் வைக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுதி வைத்து நினைவில் கொள்ளும் அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். உங்களுக்கென்று அப்படி ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, யாருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள், யாருடைய அப்புச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை, யார் புது லாரிக்குக் கடன் கேட்டிருக்கிறார் என்று எழுதி வையுங்கள். அந்த நாள் வரும்போது இரண்டு நிமிடம் பேசி விசாரியுங்கள்.

பெரிய காரியத்துக்குக் கட்டாயம் போங்கள். கல்யாணத்தைத் தவறவிட்டால் மன்னிப்பார்கள். துக்க வீட்டுக்கு வராததை மறக்கமாட்டார்கள். போய் நிறையப் பேச வேண்டியதில்லை, பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கருமாதி முடிந்து ஒரம்பரை (உறவினர்கள்) எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு, அடுத்த மாதத்தில் ஒருநாள் மறுபடி போங்கள். அந்த வீட்டில் தனிமை தொடங்குவது அப்போதுதான்.

பணம் நடுவில் வரும்போது

உறவுகள் அதிகம் முறிவது பணத்தில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைமாற்றாகக் கொடுக்கும் தொகை, திரும்ப வராவிட்டாலும் உங்கள் குடும்பம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்டால், முடிந்த அளவைச் சொல்லி அதை மட்டும் கொடுங்கள். ஜாமீன் கையெழுத்து வெறும் மரியாதைக்காகப் போடுவது அல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி நேராக உங்களிடமே வந்து கேட்கலாம். மச்சான் கேட்கிறார் என்று கையெழுத்துப் போடும் முன், அந்தக் கடனை நீங்களே வாங்கியிருந்தால் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால், ‘கையெழுத்து மட்டும் கேக்காதீங்க மச்சான், வேற என்ன ஒத்தாசை வேணும்னாலும் செய்யறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அன்று வரும் மனவருத்தம், பின்னால் வரும் பகையைவிடச் சிறியது.

சொந்தங்களை முதலீட்டுத் திட்டங்களில் சேர்த்துவிடுவதைத் தவிருங்கள். 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டுத் திட்டங்கள் கவிழ்ந்தபோது, பணத்தோடு போனது உறவும்தான். அத்தை பையன் சொன்னார், சம்பந்தி சொன்னார் என்று போட்டவர்கள் பலர். சொன்னவர்களும் நம்பித்தான் சொல்லியிருந்தார்கள். சீட்டு நடத்தினாலும் சேர்ந்தாலும், 1982-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ்ப் பதிவானதா என்று பாருங்கள்.

தொழிலில், வேண்டியவர் என்பதற்காக எழுத்து வேண்டாம் என்று விடாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்குபவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும். அதனால் விலை, தவணை, கெடுத் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. பணம் நின்றுபோனால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். அரசின் புகார் தளம் கடைசி வழியாக இருக்கட்டும். ஆனால் அது இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மனக்கசப்பும் விலகலும்

தவறு உங்களுடையது என்றால் நேரில் போய், காரணம் எதையும் இழுக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். தவறு அவருடையது என்றால், தொழிலாளிகள் முன்னிலையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பேசாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நடுவில் ஒரு பெரியவரை வைத்துப் பேசும் நம் வழக்கம் நல்லதுதான். இருவருமே பேசித் தோற்ற பிறகு அதற்குப் போங்கள்.

எல்லா உறவையும் காப்பாற்றியாக வேண்டும் என்பதில்லை. நீங்கள் முன்னேறும் ஒவ்வொரு முறையும் மட்டம் தட்டுபவர், வாங்கிக்கொண்டு மட்டுமே போகிறவர், மற்றவர் ரகசியத்தை உங்களிடம் சொல்பவர் ஆகியோரிடம் பேச்சையும் சந்திப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள்; சண்டை போட வேண்டிய அவசியமில்லை. எவ்வளவு நல்ல நண்பரும் மருத்துவர் ஆகிவிட மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் சேவையைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நண்பருக்கு அந்த நிலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அழைத்துக் கொடுக்கலாம்.

விட்டுப்போன தொடர்புகள்

தாளில் வெற்றிடமாக இருக்கும் கேள்விகளுக்குப் பலநேரம் விடையாக வருபவர்கள் பழைய ஆட்கள்தான்: கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், முதல் கம்பெனியில் வேலை சொல்லிக்கொடுத்த சூப்பர்வைசர், முன்பு சரக்கு வாங்கிய பார்ட்டி. இத்தனை வருடம் பேசாமல் இப்போது எப்படிப் பேசுவது என்ற கூச்சம் இருவருக்கும் இருக்கும். அதனால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். ‘உங்ககிட்ட கத்துக்கிட்ட மாதிரிதானுங்க இன்னைக்கும் ஷேடு செக் பண்றேன், அதான் ஞாபகம் வந்து கூப்பிட்டேன்’ என்று உண்மையான காரணம் ஒன்றைச் சொல்லி ஆரம்பியுங்கள். முதல் பேச்சில் எந்த உதவியும் கேட்காதீர்கள். அவசரத் தேவையோடுதான் கூப்பிடுகிறீர்கள் என்றால், அரை மணி நேரம் நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் சொல்லாமல், வணக்கம் சொன்ன கையோடு ‘ஒரு ஒத்தாசை கேக்கத்தானுங்க கூப்பிட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். முடியாது என்று சொல்ல அவருக்கும் வசதியாக இருக்கும். அவர் செய்தாலும் செய்யாவிட்டாலும், இரண்டு மாதத்துக்குள் இன்னொரு முறை, ஒன்றும் கேட்காமல், கூப்பிட்டுப் பேசுங்கள்.